வேர்வை பிளவுஸில் தெரியாமல் இருக்க: மாட்டுங்கா டெய்லர் ஒருத்தி சொல்வது

அளவெடுக்க டேப்பைக் கையில் எடுத்ததுமே சில பெண்கள் கையைத் தூக்கத் தயங்குவார்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "பழைய ஜாக்கெட் அளவுலயே தைச்சிருங்கக்கா" என்பார்கள். மார்ச் பிறந்துவிட்டால் மும்பையில் இது கூடிவிடும். கடையில் மற்றவர்கள் போனபிறகு மெதுவாகக் கேட்பார்கள்: "அக்கா, கக்கத்துல நனைஞ்சு வட்டமா நிக்குது. ஆபீஸ்ல ஒரு ஃபைலை எடுக்கக்கூட கையைத் தூக்க முடியல. ஏதாவது பண்ண முடியுமா?"

முடியும். நான் தாராவி 90 ஃபீட் ரோட்டுப் பக்கம் வளர்ந்தவள், இப்போது மாட்டுங்காவில் கடை போட்டிருக்கிறேன். என்னிடம் தைப்பவர்களில் டீச்சர், நர்ஸ், வங்கியில் வேலை பார்ப்பவர், மாலில் நாள் முழுக்க நிற்கும் பெண் என்று எல்லாரும் உண்டு. வேர்ப்பதை நிறுத்துவது நம் கையில் அதிகம் இல்லை. வேர்த்தது வெளியே தெரிவதும், அது நாறுவதும் முக்கால்வாசி நம் கையில்தான் இருக்கிறது. துணி, தையல், உடுத்தும் நேரம், ராத்திரி தடவுவது, துவைக்கும் விதம் இவைதான் வழி. தையலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சோப்பு, ஸ்ப்ரே பற்றிச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, தையலைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். "ஊரில் இவ்வளவு வெயிலடிச்சும் இப்படி வேர்க்கலையே, இங்க மட்டும் ஏன் ஊத்துது?" என்று நாங்குநேரியிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் கல்யாணமாகி வந்த பெண்கள் கேட்பார்கள். உங்கள் உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. மும்பையில் மே மாதத்துப் பகல் வெப்பம் சராசரியாக 33, 34 டிகிரிதான், டெல்லி சர்வசாதாரணமாக 40-ஐத் தாண்டும். ஆனால் மூன்று பக்கமும் கடல் இருப்பதால் இங்கே காற்றே ஈரமாக இருக்கிறது. வேர்வை ஆவியாகிப் போகும்போதுதான் உடம்பு குளிரும். ஏற்கெனவே ஈரமான காற்றில் அது ஆவியாகாமல் தோலிலேயே நிற்கிறது. உடம்பு குளிரவில்லையே என்று இன்னும் வேர்க்க வைக்கிறது. ஜூன் இரண்டாவது வாரத்தில் மழை வந்தால் கொஞ்சம் அடங்கும். அப்புறம் அக்டோபர் ஹீட் என்று இன்னொரு சுற்று வரும். அதனால் இது ஒரு மாதத்துக்கான ஏற்பாடு இல்லை. வருஷத்தில் பாதிக்கு மேல் இதோடு வாழ வேண்டும்.

நாற்றம் வேறு விஷயம். வேர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது. உடம்பு முழுக்க இருக்கும் சாதாரணச் சுரப்பிகள் உப்புத் தண்ணீரைத்தான் விடுகின்றன. அக்குளிலும் தொடை இடுக்கிலும் இன்னொரு வகைச் சுரப்பி உண்டு. அது வயதுக்கு வரும் பருவத்தில்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும். அதில் வருவது கொஞ்சம் கெட்டியானது. தோலில் இருக்கும் கிருமிகள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை வருகிறது. அப்படியென்றால் நனைந்த அக்குளுக்கு மேல் சென்ட் அடிப்பதால் பயனில்லை, இரண்டு வாடையும் கலந்து இன்னும் மோசமாகும். கிருமியைக் குறைப்பது, ஈரத்தைக் குறைப்பது, இந்த இரண்டும்தான் வேலை செய்யும்.

துணி வாங்கும்போது

கடைக்காரர் "பியூர் காட்டன்" என்பதை நம்பி வாங்காதீர்கள். கிராஃபர்ட் மார்க்கெட் பக்கம் மங்கள்தாஸ் மார்க்கெட்டிலோ, தாதர் ஹிந்த்மாதா மார்க்கெட்டிலோ துணி எடுக்கும்போது வெட்டிய ஓரத்தில் ஒரு நூலை உருவிக்கொண்டு வாருங்கள். வீட்டில் அதைக் கொளுத்திப் பார்த்தால் பருத்தி காகித வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். கலப்பு என்றால் சாம்பலுக்குள் அந்த மணி தட்டுப்படும். முதல் தடவை அரை மீட்டர் மட்டும் வாங்கிப் பார்த்து, பிறகு மீதியை எடுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், 100 கிராம் பருத்தி காற்றிலிருந்தே எட்டு கிராம் போல ஈரத்தை நூலுக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. வேர்வை அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு தோலுக்கும் துணிக்கும் நடுவில் நிற்கும். 2014-ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி செய்தவர்களின் டிசர்ட்டுகளை வைத்து ஆராய்ந்தார்கள். பருத்தியைவிட பாலியஸ்டர்தான் அதிகம் நாறியது, வாடையை உண்டாக்கும் ஒரு வகைக் கிருமி அதில் நன்றாக வளர்ந்தது. துவைத்துக் காயவைத்த யூனிஃபார்ம், போட்டுக்கொண்டு பத்து நிமிஷத்தில் மறுபடி வாடை வீசுவதை நர்ஸ்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சுத்தத்தில் எந்தக் குறையும் இல்லை. துணி அப்படிப்பட்டது.

ஆனால் காட்டன் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. கனமான காட்டன் நிறைய குடிக்கும், பெரிய வட்டமாக நனையும், காய நேரமெடுக்கும். கனமான ஒரே துணியைவிட மெல்லியதாக இரண்டு அடுக்கு நல்லது. உள்ளே மல்மல் என்கிற மெல்லிய, மிருதுவான காட்டன், வெளியே ரூபியா என்கிற பிளவுஸ் காட்டன், இதுதான் என் தேர்வு. ரேயான் தொட்டால் குளுமையாக இருக்கும், ஆனால் நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் காயாது. வீட்டில் நைட்டிக்குச் சரி, ஆபீஸ் குர்த்திக்கு வேண்டாம். கிரேப், சாட்டின், ஜார்ஜெட் மூன்றையும் ஏப்ரல், மே மாதங்களில் பீரோவிலேயே வைத்துவிடுங்கள்.

நிறம் பற்றி: நனைந்தால் துணி கருக்கும். அந்த வித்தியாசம் எந்த நிறத்தில் அதிகம் தெரியுமோ அந்த நிறம்தான் எதிரி. சாம்பல்தான் எல்லாவற்றிலும் மோசம். அடுத்து வான நீலம், ரோஸ், பிஸ்தா பச்சை போன்ற வெளிர் நிறங்கள். வெள்ளையும், கருநீலமும், அடர்த்தியான சின்னப் பூ அச்சும் ஈரத்தை மறைக்கும். கறுப்பு மறைக்கும், ஆனால் காய்ந்தபிறகு உப்பு வெள்ளைக் கோடாகப் படியும். காலையில் போனால் இரவுதான் திரும்புவேன் என்பவர்கள் கறுப்பைவிடக் கருநீலப் பூ அச்சு எடுக்கலாம்.

தையலில் செய்யக்கூடியவை

பிளவுஸின் அக்குள் வட்டம், நாங்கள் ஆர்ம்ஹோல் என்போம், அதுதான் முக்கியம். வேர்க்கிறது என்று சொன்னால் சில டெய்லர்கள் ஆர்ம்ஹோலைக் கீழே இறக்கிவிடுவார்கள். காற்று போகும் என்ற நினைப்பு. உண்மையில் இறங்கிய ஆர்ம்ஹோலில் கையைத் தூக்கினால் ஜாக்கெட் முழுக்கவே மேலே இழுபடும், நனைந்த இடம் பளிச்சென்று வெளியே வரும். மிகவும் மேலே இருந்தால் அக்குளுக்குள் வெட்டும், அங்கேயே ஊறும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது அக்குளுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கையைத் தூக்கினால் ஜாக்கெட் இடுப்பிலிருந்து கொஞ்சம்தான் ஏற வேண்டும். டிரையல் பார்க்கும்போது கண்ணாடி முன் நேராக நிற்காமல், பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கிப் பாருங்கள்.

கை விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் உறுதியானது. இறுக்கமான குட்டைக் கைதான் கோடையில் மிகவும் கெடுதல். ஈரம் கையின் ஓரம் வரை ஏறிவிடும். ஸ்லீவ்லெஸ் காற்றோட்டமாக இருக்கும், பிடித்தவர்கள் போடுங்கள். ஆனால் தோலோடு தோல் உரசி வேர்வை விலா வழியாக வழியும். முழங்கைக்கு சற்று மேலே நிற்கும், அரை அங்குலம் தளர்த்தி வைத்த கை எல்லாருக்கும் பொருந்தும். நனைந்தாலும் வெளியே வராது.

குர்த்திக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. பழைய கால ஜிப்பாக்களில் அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கை தாராளமாகத் தூக்க வரும், தையல் முடிச்சு அக்குளின் நடுவில் உரசாது. மூன்று அங்குலச் சதுரத்தில் மெல்லிய காட்டனை அங்கே வைக்கச் சொல்லுங்கள். குர்த்தி ஒரே நிறமாக இருந்தால் அந்தத் துண்டைப் பூ அச்சில் வைத்தால் ஈரம் கண்ணுக்குத் தெரியாது, பார்ப்பவர்கள் அதையும் ஒரு டிசைன் என்றே நினைப்பார்கள். சின்ன வேலைதான், ஆனால் இதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

லைனிங் கட்டாயம் வேண்டும். உடம்பு வெந்துவிடும் என்று லைனிங் வேண்டாம் என்பார்கள். பாலியஸ்டர் லைனிங் போட்டால் வேகும்தான். துவைத்துச் சுருக்கிய மல்மல் லைனிங், மேல் துணியோடு இழுத்து ஒட்டாமல் கொஞ்சம் தளர்வாக இருந்தால் முதல் ஈரத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். கப் வைத்த ஜாக்கெட்டை வெயில் காலத்தில் தவிருங்கள், அந்த ஸ்பாஞ்ச் வேர்வையைப் பிடித்துக்கொண்டு விடாது. இரண்டு பக்கத் தையலிலும் ஒரு அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள், மே மாதம் பிரித்துத் தளர்த்த உதவும்.

இனி பேடு. கடையில் ஒட்டி எறியும் ஸ்வெட் பேடு கிடைக்கிறது. இன்டர்வியூ, கல்யாணம் மாதிரி ஒரு நாளுக்கு அது நல்லது. தினமும் வேண்டுமென்றால் வீட்டிலேயே தைத்துக்கொள்ளுங்கள். மெஷின் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம்.

பழைய மல்மல் வேட்டியோ, துப்பட்டாவோ, அதோடு ஒரு பழைய டவலும் போதும். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி, ஆர்ம்ஹோலின் அடிவளைவின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் வளைவை வரையுங்கள். பக்கத் தையலுக்கு முன்னால் இரண்டரை அங்குலம், பின்னால் இரண்டரை அங்குலம், மொத்தம் ஐந்து அங்குலம் போதும். அந்த வளைவிலிருந்து கீழே மூன்று அங்குலம் இறக்கிப் பிறை வடிவத்தில் வெட்டினால் உடம்புப் பக்கத் துண்டு தயார். அதே வளைவோடு, இரண்டு அங்குலம் மட்டும் ஆழம் வைத்து இன்னொரு பிறை வெட்டினால் கைப் பக்கத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் மல்மல் இரண்டு, நடுவில் டவல் ஒன்று. மூன்றையும் அடுக்கி ஓரம் அடியுங்கள். பிறகு இரண்டு பிறைகளையும் அந்த உள்வளைவில் சேர்த்துத் தைத்து, தையலுக்கு வெளியே கத்தரியால் சின்னச் சின்ன வெட்டுகள் கொடுங்கள். இல்லையென்றால் வளைவு விறைத்து நிற்கும். ஜாக்கெட்டின் அடிவளைவில் அதை உட்கார வைத்து, நான்கு இடத்தில் நூலால் பிடித்தால் போதும். நிறைய ஜாக்கெட்டுக்கு மாற்றி மாற்றிப் போடுபவர்கள் சின்ன பிரஸ் பட்டன் வைத்துக்கொள்ளலாம். எல்லாத் துணியையும் முதலிலேயே நனைத்துக் காயவைத்து விடுங்கள், இல்லையென்றால் பேடு சுருங்கி ஜாக்கெட்டை இழுக்கும். உள்ளே பிளாஸ்டிக் ஷீட் வைப்பது வேண்டவே வேண்டாம். ஈரம் வெளியே போகாது, தோல் வெந்து புண்ணாகும்.

பட்டு ஜாக்கெட்டுக்கு இந்தப் பேடு இல்லாமல் நான் தைத்துக் கொடுப்பதே இல்லை. வேர்வையின் உப்பு பட்டின் சாயத்தையும் இழையையும் கெடுக்கும், ஜரிகையைக் கறுக்க வைக்கும். மாட்டுங்காவில் ஒரு முகூர்த்தத்துக்குப் போய் வந்தால், கழற்றிய கையோடு உள்பக்கம் திருப்பி ஃபேன் காற்றில் நிழலில் போடுங்கள். ஈரத்தோடு மடித்துப் பீரோவில் வைத்தால் அடுத்த கல்யாணத்துக்கு அந்த ஜாக்கெட் உதவாது. பட்டின் மேல் நேரடியாக ஸ்ப்ரே அடிக்கவும் கூடாது, கறை விழும்.

யூனிஃபார்ம் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கடை ஒன்றில் வேலை பார்க்கும் பெண்ணிடம், அங்கிருந்த மேலாளர் எல்லார் முன்னாலும் "குளிச்சிட்டு வர்றதில்லையா" என்று கேட்டிருக்கிறார். அவள் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். நிறுவனம் கொடுத்த சட்டை முழு பாலியஸ்டர், அதை மாற்ற அவளுக்கு உரிமை இல்லை. பக்கத் தையலைத் தளர்த்தி, அக்குளில் மட்டும் அதே நிறத்தில் காட்டன் துண்டு வைத்து, உள்ளே போட கை வைத்த திருப்பூர் பனியன் ஒன்றைச் சொன்னேன். கை வைத்த பனியன் என்பது முக்கியம், ஆண்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். கையில்லாத பனியன் மார்பையும் முதுகையும் காக்கும், அக்குளை அப்படியே விட்டுவிடும். ஒரு துணிக்கு இரண்டு துணியாகிறதே என்று தயங்காதீர்கள். மெல்லிய பனியன் ஈரத்தை வாங்கிக்கொண்டால் சட்டை நனையாது.

ராத்திரி தடவுவது

டியோடரண்ட் வேறு, ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வேறு. முதலாவது வாடையை மறைக்கும் அல்லது கிருமியைக் குறைக்கும். இரண்டாவதில் அலுமினிய உப்பு இருக்கும், அது வேர்வை வரும் துவாரத்தைத் தற்காலிகமாக அடைக்கும். கடைகளில் தொங்கும் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை வெறும் வாசனைதான். பின்பக்கம் பொடி எழுத்தில் அலுமினியம் என்று தொடங்கும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், ரோல் ஆன்களில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இதைக் காலையில் குளித்துவிட்டு ஓடும் அவசரத்தில் தடவுவதால்தான் பலருக்கும் பலிப்பதில்லை. ஏற்கெனவே வேர்க்க ஆரம்பித்த தோலில் அது நிற்காது. ராத்திரி படுக்கும் முன், அக்குளைக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஃபேன் காற்றில் உலர்த்திவிட்டுத் தடவுங்கள். தூங்கும்போது வேர்வை குறைவு, மருந்து உள்ளே போய் அமரும். காலையில் குளித்தாலும் அதன் வேலை போகாது. தொடர்ந்து சில ராத்திரிகள் தடவி, பலன் தெரிந்ததும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாகக் குறைத்துக்கொள்ளலாம். ஷேவ் அல்லது வேக்ஸ் செய்த அன்றும் மறுநாளும் தொடாதீர்கள், எரியும். இதனால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதுவரை நடந்த ஆய்வுகளில் அப்படித் தெளிவான தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை. சிறுநீரகம் பாதித்தவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவு வேண்டாம் என்பவர்களுக்குப் படிகாரம் இருக்கிறது. குளித்தபின் கட்டியை நனைத்து அக்குளில் இரண்டு தேய் தேய்த்துக் காயவிட்டால் கிருமி குறையும், வாடை அடங்கும். வேர்வையை அது பெரிதாக நிறுத்தாது. எலுமிச்சம்பழத்தை நேரடியாகத் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். தோல் எரியும், அதோடு வெயிலில் போனால் கறுத்துக் கொப்பளிக்கவும் செய்யும்.

காலையும் ரயிலும்

நம் வீட்டுப் பெண்களின் காலை வரிசை தப்பாக அமைந்துவிட்டது. குளித்து, ஆபீஸ் உடையைப் போட்டு, பிறகு அடுப்படியில் நின்று டப்பா கட்டி, ஓடிப்போய் ரயிலைப் பிடிக்கிறோம். ரயிலில் ஏறுவதற்கு முன்பே நனைந்துவிடுகிறது. சமையலை முடித்த பிறகு குளியுங்கள். தண்ணீர் விடியற்காலையில் மட்டும் வரும் வீடுகளில் அது முடியாது, எனக்குத் தெரியும். அப்படியென்றால் காலையில் குளித்து நைட்டியிலேயே வேலையை முடித்து, கிளம்பும் முன் ஒரு சொம்புத் தண்ணீரில் அக்குளையும் கழுத்தையும் சோப்பு போட்டுக் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகு உடுத்துங்கள். வெந்நீரில் குளித்தால் உடம்புச் சூடு தணியவே நேரமாகும், பச்சைத் தண்ணீரே போதும். சூடான டீயும் காரமான சட்னியும் வேர்வையைக் கிளப்பும், முக்கியமான மீட்டிங் உள்ள நாளில் அவற்றை ஒத்தி வையுங்கள். தண்ணீரைக் குறைத்தால் வேர்க்காது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்து மயங்கி விழாதீர்கள்.

மும்பை லோக்கலில் பேக்கை முன்பக்கம் மாட்டுவது பழக்கம்தான், முதுகு நனையாமல் இருக்கவும் அது உதவுகிறது. ஸ்டேஷனை விட்டு இறங்கியதும் முன்பக்கமே இருக்கட்டும், நடக்கும்போதுதான் முதுகு அதிகம் நனையும். 2017 டிசம்பர் 25-ல் வெஸ்டர்ன் லைனில் முதல் ஏசி லோக்கல் ஓடத் தொடங்கியது, பிறகு சென்ட்ரல் லைனிலும் வந்தது. பாஸ் விலை அதிகம், எல்லாராலும் முடியாது. இன்டர்வியூ நாளில் மட்டும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகப் போய், நேராக சீட்டில் உட்காராமல் பாத்ரூமில் மணிக்கட்டிலும் பிடரியிலும் குளிர்ந்த தண்ணீர் விட்டு, ஈரத்தைக் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் இன்னும் வேர்க்கும். பையில் இன்னொரு மடித்த ஜாக்கெட்டோ குர்த்தியோ இருந்தாலே பதற்றம் பாதி குறையும். பதற்றமே அக்குளையும் உள்ளங்கையையும் வேர்க்க வைக்கும் என்பதால் இது வெறும் ஆறுதலுக்குச் சொல்வது இல்லை.

துவைப்பது

கழற்றியதும் கூடையில் உருட்டிப் போடாமல், உள்பக்கம் திருப்பிக் கொடியில் போடுங்கள். அன்றே அக்குளை மட்டுமாவது பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் கறையை உறைய வைக்கும், கறையோடு இஸ்திரி போட்டால் நிரந்தரமாகும். வாடை போகாத துணியை, அரை வாளித் தண்ணீரில் ஒரு கப் வெள்ளை வினிகர் விட்டு அரை மணி ஊற வைத்து, பிறகு சோப்பில் துவையுங்கள். வெள்ளைத் துணியில் அக்குள் மஞ்சளாகிவிட்டால் பிளீச் ஊற்றாதீர்கள், அது இன்னும் மஞ்சளாக்கும். சோடா உப்பைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, சற்று நேரம் விட்டுப் பழைய பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். வினிகரையும் பிளீச்சையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, விஷ வாயு வரும். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவங்களை வேர்வைத் துணிக்குப் போடாதீர்கள், அது இழையின் மேல் படிந்து வாடையை உள்ளே பிடித்து வைக்கும். மழைக்காலத்தில் பாதி ஈரமாக உடுத்துவதைவிட, ஃபேனுக்கு அடியில் ராத்திரி முழுக்கப் போட்டு, காலையில் இஸ்திரி போட்டுக்கொள்ளலாம்.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது

தொடை இடுக்கிலோ மார்புக்கு அடியிலோ வட்டமாகச் சிவந்து அரித்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு க்ரீம்" என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தந்துவிடுவார்கள். நாலு நாளில் அடங்கினதுபோல் இருந்து, பிறகு உடம்பெல்லாம் பரவும், தோல் மெலியும். தோல் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். புடவை கட்டுபவர்கள் பாவாடை நாடாவை இறுக்காமல், இரண்டு அங்குல அகலப் பட்டையாக மாற்றிக்கொண்டால் இடுப்பில் வேர்வை தேங்கிப் புண்ணாகாது.

வெயில் இல்லாதபோதும், ஏசியில் உட்கார்ந்திருந்தாலும் இரண்டு அக்குளிலும் உள்ளங்கையிலும் சொட்டுகிறது, சின்ன வயதிலிருந்தே இப்படி, வீட்டில் இன்னொருவருக்கும் உண்டு என்றால் அது ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்ற நிலையாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் இருக்கிறது. வலுவான அலுமினியம் குளோரைடு லோஷன், உள்ளங்கைக்குத் தண்ணீரில் லேசான மின்சாரம் விடும் அயன்டோஃபோரெசிஸ், மாத்திரை, மாதக்கணக்கில் பலன் தரும் போடாக்ஸ் ஊசி என்று டாக்டர் படிப்படியாகப் பார்ப்பார். சயான் ஆஸ்பத்திரியிலும் பரேல் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியிலும் தோல் பிரிவு ஓபிடி இருக்கிறது, தனியாருக்குப் போகும் வசதி இல்லாதவர்கள் அங்கே காட்டலாம். நரம்பை வெட்டும் ஆபரேஷனும் உண்டு, ஆனால் அதற்குப் பிறகு முதுகிலும் வயிற்றிலும் அதிகமாக வேர்க்கும் ஆபத்து இருக்கிறது. எல்லாம் பார்த்துத் தீராதபோதுதான் அதை யோசிக்க வேண்டும்.

ராத்திரி படுக்கை நனையும் அளவு வேர்த்து, காய்ச்சலோ எடைக் குறைவோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், டிபி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். திடீரென்று புதிதாக அதிகம் வேர்த்தால் தைராய்டும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். நெஞ்சுவலியோடு குளிர்ந்த வேர்வை வந்தால் வேறெதுவும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகளின் அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த வயதில்தான் வாடை முதன்முதலாக வரும். பிள்ளைக்கு அது என்னவென்று தெரியாது. வகுப்பில் யாரோ மூக்கைப் பிடித்த அன்றிலிருந்து பதில் தெரிந்தும் கையைத் தூக்குவதை நிறுத்திவிடுகிறது. அதற்கு முன்பே உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "இது எல்லாருக்கும் வரும்மா, எனக்கும் வந்துச்சு. தினமும் சோப்பு போட்டுக் கழுவு, உள்ளே பனியன் போடு." பள்ளி யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது ஒரு சைஸ் தளர்வாகவே கேளுங்கள். பையன்களுக்கும் இதே பேச்சு வேண்டும்.

டெய்லரிடம் இதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுகிறவர்கள் இப்படிச் சொன்னால் போதும்: "ஆர்ம்ஹோல் ஒரு விரல் இடம் விட்டு வைங்க. கை அரை இன்ச் லூஸ். மல்மல் லைனிங், துவைச்சுப் போடுங்க. அக்குள்ல பேடு வைக்கணும். சைடுல ஒரு இன்ச் உள்ளே விடுங்க." காரணம் சொல்லத் தேவையில்லை, தைக்கத் தெரிந்தவருக்கு இதிலேயே புரிந்துவிடும். பேடுக்கான டவல் துண்டை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால், அதை மறந்துவிட்டோம் என்று சொல்ல அவருக்கும் வழியிருக்காது.